இறங்கும் கோடு

காவல் நிலையத்து எழுத்தர் முக்காலிமேல் ஏறி நின்று, ஜன்னல் வெயில் விழும் சுவரில் சிவப்புப் பெயிண்டால் வரைபடக் கோடு ஒன்றைக் கீழ்நோக்கி இழுக்கிறார். ஆண்கள்மேல் பதிவான குற்றங்கள், இருபது வருடக் கணக்கு. ஆண்கள் எவ்வளவு திருந்திவிட்டார்கள் என்று மேலதிகாரி மதியம் வந்து பார்க்க வேண்டும். முக்காலி ஆடுகிறது. புகார் கொடுக்க வந்தவள், வீங்கிய கையை மார்போடு அணைத்தபடி, மறு கையால் முக்காலியைப் பிடித்திருக்கிறாள். "இந்த வருஷக் கணக்கு முடிஞ்சு போச்சும்மா. இப்ப உங்க வீட்டுக்காரர் பேர எழுதினா கோடு மேல ஏறிடும். ஒண்ணாந்தேதி வாங்க." "அதுவரைக்கும் நான் எங்க சார் இருக்கறது?" பெயிண்ட் ஒரு சொட்டு அவள் புறங்கையில் விழுகிறது. துடைக்க இன்னொரு கை இல்லை. "ஆட்டாம புடிங்கம்மா, கோணலாப் போகுது பாருங்க." அவள் இறுக்கிப் பிடிக்கிறாள். சுவரில் குற்றம் குறைகிறது.