முதல் ஆள்

அடுத்த தீபாவளிக்கு ஊரே எதைக் கட்டும் என்று ஜவுளி நிறுவனங்களுக்கு முன்கூட்டியே சொல்வதுதான் மிருதுளாவின் வேலை. எந்த மோகமானாலும் அது முதலில் யாரிடம் தொடங்கியது என்பதை அலுவலகக் கணினி இப்போது கண்டுபிடித்துவிடும். நான்கு வருடமாக அது காட்டுவது அவளுடைய ஓரகத்தி தேன்மொழியின் முகத்தை. ஒரு பேஷன் பத்திரிகையைக்கூடப் புரட்டாதவள் தேன்மொழி. மிருதுளாவுக்கு வயிறு எரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை இருவரும் துணிக்கடைக்குப் போனபோது கேட்டேவிட்டாள். "எதைப் பாத்து எடுக்குற தேனு?"

"உங்களைப் பாத்துத்தாங்க்கா. நீங்க வேண்டாம்னு தள்ளுறதை நான் எடுத்துக்குவேன். ஒரே மாதிரி கட்டிட்டு நின்னா நீங்கதானே அழகாத் தெரிவீங்க."

அந்த நேரம் பார்த்துக் கடைக்காரர் மயில்கழுத்து நிறத்தில் ஒரு சேலையை விரித்தார். பார்த்த மாத்திரத்தில் மிருதுளாவின் மனம் அதில் ஒட்டிக்கொண்டது. தான் எடுத்தால் அது தன்னோடு முடிந்துவிடும். தள்ளினால் தேன்மொழி எடுப்பாள், ஊரெல்லாம் கட்டும்.

"சகிக்கலை" என்று தள்ளிவிட்டு, 'மயில்கழுத்து' என்று அலுவலகத்துக்குச் செய்தி அனுப்பினாள்.

தேன்மொழி அதை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நின்றாள். கடையிலிருந்த பெண்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"எப்படிங்க்கா இருக்கு?"

"உனக்குப் பொருந்தவே இல்லை."

சகிக்கலை என்றது வேலைக்காக. இதைத் தனக்காகச் சொன்னாள்.