பெரார்கஞ்ச் மனைக்கு ஒரு வரைபடம்

சண்முகம் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, ஜோசியர் முன்னால் உட்காருவதுபோல மருமகளின் மடிக்கணினி முன்னால் உட்கார்ந்தார்.

பெரார்கஞ்சில் பாக்குத் தோப்பை ஒட்டி அவருக்கு ஒரு மனை இருந்தது. அதில் ஒரே வீடு, ஒரே சமையலறை, மூன்று மகன்களும் அவரவர் குடும்பமும். முடிவெடுத்தாகிவிட்டது, வரைபடம்தான் பாக்கி.

மருமகள் சங்கவிக்கு டெலானிபூரில் ஒரு கட்டடக் கம்பெனியில் வேலை. நிலத்தின் அளவையும் வீட்டாரின் ஆசைகளையும் கொடுத்தால் வீட்டு வரைபடத்தைத் தானே போட்டுத்தரும் புரோகிராம் ஒன்றை எட்டு மாதமாக எழுதிக்கொண்டிருந்தாள். பெரார்கஞ்சுக்குக் குடிபோனால் அந்த வேலையை விட வேண்டும். இல்லாவிட்டால் அத்தனை பேருக்கும் யார் சமைப்பது? இது மாமியார் ஜெயமணியின் கேள்வி. கேள்வி என்பது மரியாதைக்குச் சொல்வது.

ஆசைகள் வரிசையாக வந்தன. அடுப்பு அக்னி மூலையில். பூஜையறை ஈசானியத்தில். ஓரகத்திகளின் வாசல்கள் ஒன்றையொன்று பார்க்கக் கூடாது. மூன்று நாளைக்கொருமுறை வரும் தண்ணீருக்குக் குடும்பத்துக்கு நாலு டிரம்.

மருமகள்களின் ஆசையைக் கேட்கத்தான் பாவம், நேரமில்லை.

சங்கவி எல்லாவற்றையும் ஒழுங்காகத் தட்டினாள். கணவன் சிவபிரகாஷ் போனில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தான். நீ யார் பக்கம் என்று கேட்டால் இந்தியா பக்கம் என்பான்.

பொத்தானை அழுத்தினாள். திரையில் சிவப்பாக ஒரு வரி வந்தது: ‘இந்த மனையில் இத்தனை பேர் சேர்ந்து வாழ முடியாது.’

சண்முகம் ஒருவர் பேச்சையும் கேட்காதவர். பஞ்சாயத்திலும் பாங்கிலும் மேசையைத் தட்டிப் பேசியவர். ஆனால் தீவிலிருந்து மெயின்லேண்ட் போகும் கப்பலுக்கு டிக்கெட் எடுக்கப் போய், கம்ப்யூட்டரில் இடமில்லை என்று கவுன்டரில் சொல்லிவிட்டால் மறுபேச்சில்லாமல் திரும்பிவிடுவார். பல வருடப் பழக்கம்.

“கம்ப்யூட்டரே நஹின்னு சொல்லிருச்சு. சோடோம்மா, விட்டுத்தள்ளு, நீ என்ன பண்ணுவ?” என்று மருமகளுக்கு ஆறுதல் வேறு சொன்னார். அவரவர் இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும் என்று தீர்ப்பும் ஆனது.

சங்கவி முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு மடிக்கணினியோடு உள்ளே போனாள். கதவைச் சாத்திய பிறகுதான் சிரித்தாள்.

அவள் எழுதிய புரோகிராமுக்கு முடியாது என்று சொல்லத் தெரியாது. எந்த நிலத்தைக் கொடுத்தாலும் எதையாவது வரைந்து நீட்டிவிடும். பெரார்கஞ்ச் மனைக்கும் பதினேழு வரைபடங்கள் போட்டு வைத்திருந்தது. அவற்றில் இரண்டு அழகாகக்கூட இருந்தன.

அந்தச் சிவப்பு வரி மட்டும் நேற்று அவளே சேர்த்தது. இரண்டு வருடமாக அவள் வாயால் சொல்லி, யார் காதிலும் ஏறாத அதே வரி.