சந்தனம் பூசிய அடுப்பு

வடிவின் இட்லிக் கடையில் கேஸ் அடுப்பு ஒரு மாதமாக மஞ்சளாக எரிந்து பாத்திரத்தைக் கரியாக்கிக்கொண்டிருந்தது. எதிர்க்கடைச் செல்லக்கனியின் அடுப்போ நீலமாகச் சீறியது. அதைப் பார்க்கப் பார்க்க வடிவுக்கு வயிறு எரியும். "எனக்கும் அப்படி எரியணும் தாயே" என்று வெள்ளிதோறும் பர்னருக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்தாள். ஒவ்வொரு வாரமும் சற்றுக் கூடுதலாக. இன்று அடுப்பு பற்றவே இல்லை. இட்லிக்கு ஆட்கள் காத்திருந்தார்கள்.

செல்லக்கனிதான் ஓடி வந்தாள். பர்னரைத் தூக்கிப் பார்த்ததும் சிரித்துவிட்டாள். "அடுப்பு என்ன கல்யாணப் பொண்ணாக்கா? இப்படி அப்பினா அது எப்படி மூச்சு விடும்?" தாலிக்கொடியிலிருந்து ஊக்கைக் கழற்றி, ஒவ்வொரு ஓட்டையாகக் குத்திச் சந்தனத்தை எடுத்தாள்.

குனிந்த அந்தத் தலைக்கு மேலாக வடிவு எதிர்க்கடையைப் பார்த்தாள். ஆளில்லாத அடுப்பில் பால் பொங்கி விளிம்புக்கு வந்துகொண்டிருந்தது. வழிந்தால் அந்த நீலமும் அணைந்துபோகும். வேறு யாரும் அதைக் கவனிக்கவில்லை. ஒரு கணம் அவள் பேசாமல் நின்றாள்.

"இப்ப பத்த வைங்கக்கா" என்ற குரல் கேட்டபோது, வடிவு தெருவுக்கு அந்தப் பக்கம் முந்தானையால் பால்சட்டியைப் பிடித்து இறக்கிக்கொண்டிருந்தாள். கீழே நீலம் ஒரு சொட்டுப் பாலும் படாமல் எரிந்துகொண்டிருந்தது.