மாட்டாத பேன்ட்

பல் தேய்த்தேன், குளித்தேன், காப்பி குடித்தேன். தேய்த்து வைத்த பேன்ட்டை எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்பவும் ஆணியிலேயே தொங்கவிட்டேன். டவுசரோடு அலுவலகம் போனேன்.

வாசலிலேயே மேனேஜர் மறித்தார்.

"தம்பி, இது ஆபீசா, கடற்கரையா? இன்னைக்கும் பேன்ட் இல்லன்னா வேலை போயிடும்ப்பா. மேலிடத்துல சொல்லிட்டாங்க."

"காலை உள்ள விட முடியல சார்."

"கால்ல அடியா?"

"இல்ல."

"வீட்டுக்காரம்மா போன துக்கம் புரியுது. அதுக்கும் பேன்ட்டுக்கும் என்ன சம்பந்தம்?"

அன்று அவள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்ததும், டவுசரோடு வண்டியை எடுக்க ஓடினேன். அவள்தான் நிறுத்தினாள். நான் மாற்றிக்கொண்டு வருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. கடைசியாகச் சொன்னது இதுதான்:

"பெரிய ஆஸ்பத்திரிங்க, டவுசரோட போனா மதிக்க மாட்டாங்க. பேன்ட் மாத்திட்டு வாங்க, நான் இருக்கேன்."