பச்சைக் கோடு

அந்த வார்டில் தமிழ் தெரிந்த நர்ஸ் நான் ஒருத்திதான் என்பதால், குழந்தை இறந்துவிட்டதைத் தகப்பனிடம் சொல்லும் வேலை எனக்கு வந்தது. சொன்னேன். வேல்ராஜ் மானிட்டர் திரையைக் காட்டினார். பச்சைக் கோடு துள்ளித் துள்ளி ஓடிக்கொண்டிருந்தது.

"என்ன தங்கச்சி சொல்றீங்க? ஓடுதே!"

பிள்ளையின் நெஞ்சோடு இணைத்திருந்த பேஸ்மேக்கர் பெட்டியை அணைக்காமலே அவரை உள்ளே கூப்பிட்டுவிட்டோம். நின்றுபோன இதயத்துக்கு அது இன்னும் மின்சாரம் அனுப்பிக்கொண்டிருந்தது.

"அது மெஷினு ஓட்டுறதுண்ணே. பாப்பா இல்லண்ணே."

"மெஷினே ஓட்டட்டும். உங்களுக்கு என்ன போச்சு?"

டாக்டர் எனக்குக் கண்ணைக் காட்டினார். பெட்டிக்கு நீண்ட என் கையை வேல்ராஜ் இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார்.

"கொஞ்சம் பொறும்மா. அவ அம்மா பஸ்ல வந்துட்டிருக்கா. ஓடுறதையாவது பாத்துக்கட்டும்."