குப்பைக்கூடைக்குள் ஒரு கை

மாமியாரின் வலது கை முழங்கை வரை கழிவறைக் குப்பைக்கூடைக்குள் இருந்தது. பல் விளக்க வந்த மருமகள் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

ஈரத்தாள், பஞ்சு, தலைமுடிச் சுருள் என்று ஒவ்வொன்றாக வெளியே எடுத்துப் போட்டுவிட்டு, கடைசியில் விரல் நீளத்தில் ஒரு சோதனை ஸ்ட்ரிப்பைப் பிடித்துத் தூக்கினாள் கிழவி. சற்று முன்புதான் அவள் மகன் அதைத் தன் சிறுநீரில் நனைத்துப் பார்த்துவிட்டு, தாளில் சுற்றிப் போட்டிருந்தான்.

கல்யாணமாகி மூன்று மாதத்தில் அவள் எத்தனையோ பொறுத்துக்கொண்டாள். கணவன் ஈரத் துண்டைக் கட்டிலில் போடுவான், விளக்கை அணைக்க மாட்டான், வாழைப்பழம் வாங்கி வரச் சொன்னால் கல்லு மாதிரிக் காயைத் தூக்கிக்கொண்டு வருவான். அதெல்லாம் போகட்டும். இந்த ஸ்ட்ரிப் சங்கதிதான் அவளுக்கு ஜீரணமாகவில்லை.

அவனுடைய நோயைக் கல்யாணத்துக்கு முன்பே சொல்லியிருந்தார்கள். பத்து லட்சம் பேரில் ஓரிருவருக்கு வருவது. உடம்பின் காவல் படையே புத்தி பேதலித்து, சிறுநீரகத்தின் மயிரிழை போன்ற ரத்தக்குழாய்களில் ரத்தத்தைப் பொடிப்பொடியாக உறையவைத்து அடைத்துவிடும். மூன்று வருடத்துக்கு முன் டயாலிசிஸ் வரை போனவன், இரண்டு வாரத்துக்கு ஒரு முறை ஏற்றிய மருந்தால் மீண்டான்.

போன வருடம் டாக்டர் அந்த மருந்தை நிறுத்தினார். தினமும் காலையில் ஸ்ட்ரிப் பார்க்க வேண்டும், அதிலுள்ள கட்டங்கள் மஞ்சளாக இருந்தால் நல்லது, பச்சைக்குத் திரும்பினால் அன்றைக்கே ஓடி வர வேண்டும் என்றார். தாமதித்தால் இந்த முறை சிறுநீரகம் மிஞ்சாது என்றும் சொல்லி அனுப்பினார்.

நோயைக் கண்டு அவள் முகம் சுளித்ததே இல்லை. உப்பைக் குறைத்துச் சமைத்தாள், அவன் லேசாக இருமினாலும் பயந்தாள். ஆனால் முப்பத்து மூன்று வயது ஆண்பிள்ளை சொட்டச் சொட்ட நீட்டுகிற ஸ்ட்ரிப்பை, இன்னொரு கையில் காப்பி டம்ளரோடு அம்மாக்காரி ஜன்னலோரம் கொண்டுபோய்ப் பார்ப்பாளாம். சரியாக இருக்கிறது என்று அவள் தீர்ப்பு சொன்ன பிறகுதான் அவன் நோட்டில் எழுதுவானாம்.

பிறகு அதே கையால் எல்லோருக்கும் சாப்பாடு எடுத்து வைப்பாள். கழுவிவிட்டுத்தான் வைத்தாள், ஆனால் கழுவினால் போகிற சங்கதியா அது?

தன் அம்மாவிடம் போனில் சொல்லி அழுதாள். டப்பா மேலேயே நிறங்களை அச்சடித்திருக்கிறார்கள், ஒத்துப் பார்க்க எத்தனை நேரம், மகனைக் கைக்குள் வைத்துக்கொள்ள அந்தம்மாவுக்கு இது ஒரு சாக்கு என்றாள் அவள் அம்மா. மருமகள் நினைத்ததும் அதேதான்.

எட்டு நாளுக்கு முன் வெடித்துவிட்டாள். இந்த அசிங்கம் இன்றோடு நிற்க வேண்டும், இல்லாவிட்டால் அம்மா வீட்டுக்குக் கிளம்பிவிடுவேன் என்றாள். மாமியார் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். மகன் ஒரு பார்வை பார்த்தான், மூடிக்கொண்டாள். இனிமேல் தானே பார்த்து எழுதிக்கொள்வதாக அவன் மனைவிக்கு வாக்குக் கொடுத்தான்.

அன்றிலிருந்து அவன் கழிவறையை விட்டு வந்ததுமே குப்பைக்கூடையைத் தூக்கிப்போய்த் தெருமுனைத் தொட்டியில் கொட்டிவிட்டு வந்தாள் மருமகள். கிழவி எட்டிப் பார்க்க ஒரு துரும்பு மிச்சமில்லை. இன்று விடுமுறையாயிற்றே என்று பத்து நிமிஷம் கூடத் தூங்கினாள், அதற்குள் இந்தக் கூத்து.

"அத்தை, அதைக் கீழே போடுங்க. பார்க்கவே குமட்டுது."

மாமியார் போடவில்லை. வெளிச்சத்துக்கு நேராக ஸ்ட்ரிப்பைத் திருப்பினாள். "மூணு நாளா அவன் முகம் உப்பியிருக்கும்மா."

தூங்கி எழுந்த முகம் உப்பாமல் என்ன செய்யும்? மருமகள் விறுவிறுவென்று போய்க் கணவனின் நோட்டை எடுத்து வந்து மாமியாரின் மூக்குக்கு நேராக நீட்டினாள். எட்டு நாளும் அவன் கையெழுத்தில் ஒரே வார்த்தைதான் இருந்தது: மஞ்சள்.

"பெத்த பிள்ளை எழுதினதை நம்ப மாட்டீங்க. குப்பையைத்தான் கிளறுவீங்க."

மாமியார் ஸ்ட்ரிப்பை அந்தப் பக்கத்தின் மேலேயே வைத்தாள். ஈரம் காகிதத்தில் ஊறியது. சீ என்று நோட்டை உதறப் போனவள் அப்படியே நின்றாள். இரண்டு கட்டங்கள் கரும்பச்சையாக இருந்தன.

சத்தம் கேட்டுக் கணவன் வந்தான். அவளுடைய அருவருப்பு மொத்தமும் இப்போது அவன் மேல் திரும்பியது. பெண்டாட்டியைச் சமாதானப்படுத்த உயிரோடு விளையாடுகிறவன் ஒரு மனிதனா என்று பற்றிக்கொண்டு வந்தது.

"இது மஞ்சளா? எட்டு நாளா என்கிட்ட பொய்யா எழுதிக் காட்டினீங்க?"

அவன் ஸ்ட்ரிப்பைப் பார்த்தான், நோட்டைப் பார்த்தான், பிறகு தரையைப் பார்த்தான். மாமியார் அதற்குள் கையைக் கழுவிக்கொண்டு, அவனுடைய ஆஸ்பத்திரி ஃபைலை எடுத்துக் கக்கத்தில் இடுக்கியிருந்தாள்.

"பொய் இல்லம்மா," என்றாள். "பொறந்ததுலேர்ந்தே அவன் கண்ணுக்கு மஞ்சளும் பச்சையும் ஒண்ணுதான்."