பதிவில்லாத பால்

சாப்பாட்டு மணி அடித்ததும் பனியன் கம்பெனியின் குழந்தைகள் காப்பகத்துக்கு ஓடிவந்த சுகந்திக்கு, வாசலிலேயே மகளின் அழுகை கேட்டது. கம்பெனி கொடுக்கும் பால்மாவில் பிள்ளை எலும்பும் தோலுமாகிவிட்டதே என்று, இன்றுதான் முதன்முதலாகத் தன் பாலைப் பீய்ச்சிக் பால்மாவோடு வந்த, காப்பகத்துப் பேசும் புட்டியில் ஊற்றிவிட்டுப் போயிருந்தாள். பால் அப்படியே இருந்தது.

"புட்டி திறக்க மாட்டேங்குது அம்மிணி," என்றார் ஆயாம்மா.

சுகந்தி வாங்கிச் சாய்த்தாள். "பதிவு செய்யப்படாத பால். எங்கள் மாவை மட்டுமே பயன்படுத்தவும்," என்றது புட்டி. அதன்மேல் 'தாய்ப்பாலுக்கு நிகரானது' என்று பெரிதாக அச்சடித்திருந்தார்கள்.

"என்ற பால நான் எவன்கிட்டப் பதியோணும்?" புட்டியை மூலையில் விட்டெறிந்துவிட்டு, பிள்ளையை மார்போடு அணைத்துப் பால் கொடுத்தாள். அது இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு குடித்த வேகத்தைப் பார்த்து, ஆயாம்மா பக்கம் திரும்பினாள். "இத்தனை நாளா மாவையாவது ஒழுங்காக் கரைச்சீங்களா?"

ஆயாம்மா தலையைக் குனித்துக்கொண்டார். "இருபது பிள்ளைக்கு வாரம் ஒரு டப்பாதான் குடுக்கறாங்க. ஒரு சிட்டிகை போட்டு மீதி தண்ணி ஊத்துவேன். புட்டி திறந்துக்கும்."

"வெறுந்தண்ணிக்கு அது ஒண்ணும் சொல்லாதா?"

"நன்றின்னு சொல்லும் அம்மிணி."